கபரகொய்யாக் கேக்

நாலாவது பிறந்தநாளுக்கு
அகிரன் கேட்டது கார் இல்லை, சிங்கம் இல்லை.
வெள்ளவத்தை வாய்க்காலில்
பாலத்துக்குக் கீழே, பிளாஸ்டிக் போத்தல்களுக்கு நடுவே
நாக்கை நீட்டி நீட்டி நீந்துமே,
அது.

"கபரகொய்யாவோ?"
"ஓம். வாலோட."

கடையில் போய்ச் சொல்ல வெட்கமாயிருந்தது.
வெள்ளிக்கிழமை லீவு போட்டு
ஐந்நூறு கிராம் பட்டரை மேசையில் வைத்தேன்.
இந்த வெயிலில் அது இளகப் பத்து நிமிடம் போதும்.
ஆறாவது நிமிடத்தில் மூலையில் ஒரு விரல்தடம்.
"நான் இல்லை" என்றாள் வேணுஜா
பட்டர் மீசையோடு.

முட்டை பத்து. விலையைக் கேட்காதீர்கள்.
பீட்டர் போட்ட சத்தத்தில்
கீழ்வீட்டு மனுஷன் தடியால் கூரையைத் தட்டினார்.
பிள்ளைகள் அகப்பையால் நிலத்தில் தட்டிப்
பதில் சொன்னார்கள்.
நான் மா அரித்தேன், அகிரன் ஊதினான்,
குசினிக்குள் பனி பெய்தது.
கொழும்பில் வேறெப்போது பெய்யப்போகிறது?

பிறகு அவனுக்கு முன்னால் சப்பாணி கட்டி
இரண்டு பேரும் இருந்து
கண்ணாடிக்குள் படம் பார்த்தார்கள்.
"எழும்புது! அக்கா, எழும்புது!"

இருபத்திரண்டாவது நிமிடம்
டிக்.
ஃப்ரிட்ஜ் மூச்சை விட்டது.
மின்விசிறி ஏதோ நினைத்தபடி சுற்றி நின்றது.
அவனின் மஞ்சள் விளக்கு கண்ணை மூடியது.
மின்சார சபைக்கு எடுத்தால்
பாட்டுப் போடுகிறார்கள்.

திறந்து பார்த்தேன்.
ஓரமெல்லாம் கரை, நடுவில் கடல்.
தட்டைச் சரித்தால் அலையடித்தது.

ஐந்தாம் மாடி. லிஃப்ட் இல்லை.
நான் தட்டோடு முன்னே பார்க்காமல் இறங்க,
பட்டப்பகலில் வேணுஜா டோர்ச் பிடித்தாள்.
அகிரன் படி எண்ணினான்:
ஒன்று, இரண்டு, ஏழு, பதினொன்று, ஏழு.
காலி வீதி மஞ்சள் கோட்டில்
பொலிஸ்காரியைப் போல் அவள் கை தூக்க
நூறாம் நம்பர் பஸ் நின்றது.
கண்டக்டர் தொங்கியபடி எட்டிப் பார்த்து
எதையோ சொல்லிச் சிரித்தான்.

பியதிலகவின் பேக்கரி. விறகுப் போறணை.
அரைவேக்காட்டுக்கு எனக்குச் சிங்களம் தெரியாது.
உள்ளங்கையை ஆட்டி ஆட்டிக் காட்டினேன்.
அவருக்கு விளங்கியது.
பின்னேரப் பாண் தட்டுகளை ஒதுக்கி
நீளத் தடியால் உள்ளே தள்ளினார்.
என்ன கேக் என்று சைகையில் கேட்டார்.
"கபரகொய்யா" என்றான் அகிரன்.
அந்த ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.
மாப் பிசைந்த பெடியன்கள்
முழங்கை வரை வெள்ளையாய் வெளியே வந்து
விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வெளியே வந்ததைப் பார்த்து எனக்கு அழுகை முட்டியது.
மேலெல்லாம் வெடிப்பு. ஓரம் கறுப்பு.
விறகுச் சூடு, அவர் தலையைச் சொறிந்தார்.
அகிரன் மூக்கால் தொடுமளவு குனிந்து பார்த்தான்.
"அம்மா, தோல் வந்திட்டுது."

பிறகு நான் செய்ய அதிகமில்லை.
கருகிய ஓரத்தைச் சீவி ஒரு வால்.
மஞ்சள் ஐசிங்கில் புள்ளிகள்,
ஒன்று கோணலாய், ஒன்று மிகப் பெரிதாய்.
இரண்டாய்க் கிழித்த சிவப்பு ஜுஜுப்ஸ் நாக்கு.

வாழ்த்துப் பாட்டின் நடுவில் கரண்ட் வந்தது.
எல்லோரும் கைதட்டியது அதற்குத்தான்.
கத்தியை எடுத்ததும் அகிரன் வீரிட்டான்:
"வெட்டாதைங்கோ! அதுக்கு நோகும்!"
தகப்பன் கெஞ்சினார். சொக்லேட் காட்டினார். பலிக்கவில்லை.
வந்தவர்கள் ரோல்ஸும் கட்லட்டும் தின்று போனார்கள்,
தடியில்லாமல் வந்திருந்த
கீழ்வீட்டு மனுஷனும்தான்.

மீனுக்கும் தயிருக்கும் நடுவே
இரண்டு இரவு அது படுத்திருந்தது.
ஞாயிறு காலை பார்த்தால் வாலைக் காணோம்.
"ஆர் சாப்பிட்டது?"
"ஒருத்தரும் இல்லை.
பல்லி மாதிரி அதுவாப் போட்டிட்டு ஓடப் பாத்தது"
என்றான், வாய் நிறையக் கஜுவோடு.

இன்று செவ்வாய். முதுகும் முடிந்தது.
ஒரு துண்டு பியதிலகவுக்கும் போனது.
தலையை இன்னும் யாரும் தொடவில்லை.
பாலெடுக்கத் திறக்கும்போதெல்லாம்
நாக்கை நீட்டிக்கொண்டு
என்னைப் பார்க்கிறது.